நாலு என்று சொன்ன சந்து

மும்பையில், மத்திய வங்கியில், ஆறு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, வட்டியைக் கால் சதவீதம் ஏற்றலாமா, அரை சதவீதம் ஏற்றலாமா, இல்லை இப்படியே விடலாமா என்று முடிவெடுக்கிறார்கள். நன்றாகப் படித்தவர்கள். நல்லெண்ணத்தோடுதான் பேசுகிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் கொச்சி மட்டாஞ்சேரியில் அரண்மனையைத் தாண்டி உள்ளே திரும்பும் தமிழ்ச் சந்தில் ஸுப்ரியாவின் கைவளையல்கள் போனது அந்த மேஜையால்தான் என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. ஜனங்கள் சொல்வதை அந்த மேஜைக்குக் கொண்டுபோகிற வேலையில் ஸுப்ரியாவே இருந்தாள் என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

கொரோனா ஓய்ந்து வந்த நாட்களில் வட்டி தரையோடு தரையாகக் கிடந்தது. ஸுப்ரியாவும் அவள் கணவன் சங்கர்ராமும் அந்தச் சந்தில் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போவதாகச் சொன்னார். போர்ட் கொச்சியில் பழைய வீடுகளை வாங்கி வெள்ளைக்காரர்களுக்கு ஹோம்ஸ்டே நடத்தும் ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "வேற எங்கே போறது? நாமளே வாங்கிடலாம்" என்றாள் ஸுப்ரியா. சங்கர்ராம் பஜார் ரோட்டில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கிடங்கில் கணக்கு எழுதுபவன். ஆசைப்படுவதற்கே பயப்படுகிற ஆள். அவனுக்குத் தைரியம் சொல்லிக் கையெழுத்துப் போட வைத்தவள் அவள்தான். எம்.ஏ. பொருளாதாரம் படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவனும் போட்டான்.

அது மாறும் வட்டி. மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் பணத்துக்கு ஒரு வட்டி வைத்திருக்கிறது, ரிப்போ என்பார்கள். அது ஏறினால் இவர்கள் வட்டியும் கூடவே ஏறும். விலைவாசி தலைதெறிக்க ஓடும்போது பிடித்து நிறுத்த மத்திய வங்கியின் கையில் இருக்கும் கயிறு அதுதான். கடன் வாங்குவது கஷ்டமானால் ஜனங்கள் செலவைக் குறைப்பார்கள், விலை அடங்கும். ஸுப்ரியா பரீட்சையில் இதை எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறாள். வீடு வாங்கிய மறு வருஷம் கயிற்றை இழுக்க ஆரம்பித்தார்கள். ஒரு வருஷத்துக்குள் ஆறு தடவை இழுத்தார்கள். கயிற்றின் மறுமுனை யார் கழுத்தில் இருக்கிறது என்று பரீட்சையில் யாரும் கேட்டதில்லை.

சங்கர்ராமுக்கு வயதாகிவிட்டதால் கடன் காலத்தை இனி நீட்ட முடியாது என்று வங்கி சொன்னது. ஆகவே மாதத் தவணை ஏறியது. இரண்டு பேர் சம்பளத்திலும் பெரும்பங்கு மாதம் பத்தாம் தேதியே போய்விடும். முதலில் வளையல்கள் போயின, பிறகு சங்கர்ராமின் பி.எஃப். பணம். கோயில்காரர்கள் நடத்திய சீட்டையும் நஷ்டத்துக்குத் தள்ளி எடுத்தாயிற்று. ஹோம்ஸ்டேக்காரர் மட்டும் மாதம் ஒரு தரம் சந்துக்குள் வந்து, "ஒன்றும் அவசரமில்லை" என்று சிரித்துவிட்டுப் போவார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் ஸுப்ரியாவுக்கு உடம்பெல்லாம் எரியும்.

கடைசியில் எர்ணாகுளத்தில் இன்னொரு வங்கியில் ஒரு வழி தெரிந்தது. அங்கே கடன் பிரிவில் இருந்த ஆனந்தகுமார் தமிழ்ப் பையன். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து கொச்சியில் வளர்ந்தவன். பழைய வங்கியின் கடனைத் தங்கள் வங்கிக்கு மாற்றி, ஸுப்ரியாவின் வயதையும் சம்பளத்தையும் வைத்து இருபது வருஷம் கொடுக்கலாம் என்றான். தவணை நன்றாகக் குறையும். அவன் கம்ப்யூட்டரில் எதையெதையோ அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"நீங்க ரெண்டு பேரும் வாங்கற சம்பளத்துல பாதிக்கு மேல தவணை போகக் கூடாது மேடம். அதாக்கும் இங்கத்த ரூல். இப்போ முந்நூத்திச் சொச்சம் ரூபா கூடுதல் வருது."

"முந்நூறு ரூபாதானே சார்? நான் மாசாமாசம் கையில கொண்டுவந்து தரேன்."

"கம்ப்யூட்டர் எடுக்காது மேடம்." அவனுக்கே பாவமாக இருந்தது. திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். "ரிப்போ ஒரு கால் சதவீதம் எறங்கினாப் போதும், உள்ள வந்துரும். டிசம்பர்ல மும்பைல பாலிசி மீட்டிங் உண்டல்லோ? எறக்குவாங்கன்னுதான் பேச்சு. அது வரைக்கும் பழைய பேங்க்ல ஒரு தவணைகூட முடங்காமப் பாத்துக்குங்க. முடங்கிச்சுன்னா எந்த பேங்கும் தொடாது. வேலையும் விட்டுராதீங்க. உங்க சம்பளம்தான் இதுல பெரிசு."

படகில் திரும்பி வரும்போது அவள் கால் சதவீதம், கால் சதவீதம் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த சேச்சி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

ஸுப்ரியாவின் வேலை இதுதான். மத்திய வங்கிக்காகக் கருத்துக் கேட்டுக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. கையில் ஒரு டேப்லெட்டோடு வீடு வீடாகப் போக வேண்டும். இன்னும் மூன்று மாதத்தில் விலைவாசி எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள், ஒரு வருஷத்தில் எப்படி இருக்கும், எத்தனை சதவீதம் ஏறும் என்று கேட்க வேண்டும். இதைக் கேட்டு என்ன செய்வார்கள் என்று பலருக்குத் தோன்றும். காரணம் இருக்கிறது. விலை ஏறும் என்று எல்லோரும் நம்பிவிட்டால் கடைக்காரர் இன்றே ஏற்றுவார், கூலிக்காரர் கூட்டிக் கேட்பார், வாங்குகிறவள் ஒரு கிலோவுக்கு இரண்டு கிலோவாக வாங்கி வைப்பாள். நம்பியதே நடந்துவிடும். அதனால் ஜனங்களின் பயம் அடங்கும்வரை அந்த மேஜையில் வட்டியை இறக்க யோசிப்பார்கள். ஏறும், ஏறும் என்று ஊர் சொன்னால் வட்டி இறங்காது.

வேலையில் ஒரு கண்டிப்பு உண்டு. பதிலைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. முகத்தால்கூடக் காட்டக் கூடாது. கேள்வி தொடங்கியதும் டேப்லெட் தானாகவே பேச்சைப் பதிவு செய்யும்.

விருச்சிக மாதம், நம் கார்த்திகை, பிறந்து சந்தில் பாதி ஆண்கள் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்த சமயம், அந்தச் சுற்றுக்கான இடங்களைக் குலுக்கிப் போட்டதில் அவளுடைய சந்தே வந்தது. மேற்பார்வையாளர் ஹரிநாராயணன் ஆபீசில் தலையைச் சொறிந்தார்.

"சொந்த எடத்துல எடுக்கப்படாதுன்னுதான் ரூல். பின்னே, தமிழ் பேசற ஆள் இப்போ நீ மட்டும்தானே இருக்கே. நன்னா முடிச்சுத் தா, கேட்டியா."

அன்று சாயங்காலம் ஸுப்ரியா எதிர்வீட்டுத் திரிபுரசுந்தரி மாமியிடம் இதைச் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். மாமிக்கு ஒரு விஷயம் தெரிந்தால் சந்துக்கே தெரிந்த மாதிரி. ஆனால் வீட்டுக் கடன் விஷயத்தில் அவள் அழுவதற்கு இருந்த ஒரே இடம் மாமியின் சமையலறைதான். கால் சதவீதம் இறங்கினால் வீடு தப்பும் என்பதும் மாமிக்குத் தெரியும்.

"நாளைக்கு நம்ம சந்துலதான் மாமி. எல்லாரையும் ஆத்துல இருக்கச் சொல்லுங்கோ. இது நேரா மும்பைக்குப் போறது. இதையெல்லாம் பார்த்துத்தான் வட்டியைத் தீர்மானிப்பா."

"அப்படியா சங்கதி?" என்றாள் மாமி. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த அனர்த்தமே இல்லை.

அந்தச் சந்துக்கு ஒரு வழக்கம் உண்டு. காயலில் கடலேற்றம் வரும் மாதங்களில் சாக்கடை வழியாகத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். ஒரு வருஷம் நஷ்ட ஈடு கணக்கெடுக்க ஆள் வந்தபோது, கணுக்கால் வரை வந்தது என்று உள்ளதைச் சொன்னவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. முழங்காலுக்கு மேல் என்றவர்களுக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து, யார் எதைக் கையில் தூக்கிக்கொண்டு கணக்கெடுக்க வந்தாலும் தண்ணீரை இடுப்புக்கு ஏற்றிவிடுவார்கள். ரேஷன் கார்டுக்கு வந்தவரிடம் ஃப்ரிட்ஜை மூடிப் போர்வை போர்த்தி, அரிசி டப்பா என்று சொன்ன வீடும் அங்கே உண்டு. கஷ்டத்தைக் கூட்டிச் சொன்னால் மேலே இருப்பவர்கள் இரங்குவார்கள். சந்துக்குத் தெரிந்த அரசாங்கம் அதுதான்.

மறுநாள் காலை ஸுப்ரியா முதல் வீட்டில் கேட்டாள். விலை இரட்டிக்கும் என்றார்கள். இரண்டாவது வீட்டிலும் இரட்டிக்கும் என்றார்கள். மூன்றாவது வீடு முப்பிடாதியுடையது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து தள்ளுவண்டியில் காய்கறி விற்பவள். மாலை போட்ட வீடுகளில் இரண்டு வேளையும் காய் என்பதால் அவளுக்கு அப்போது வியாபாரம் நன்றாகவே இருந்தது.

"இன்னும் மூணு மாசத்துல எல்லா சாமான் விலையும் எப்படி இருக்கும்னு நெனைக்கறீங்க?"

"ரெட்டிக்கும் தாயி. அதுக்கும் மேலதான் போவும். மனுசன் உசிரோட இருக்க முடியாது, எழுதிக்கிடுங்க." சொல்லிவிட்டு ஸுப்ரியாவின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். "ஒங்க வீடு ஒங்களுக்குத்தான். கவலப்படாதீய."

யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஸுப்ரியாவுக்குத் தோன்றியது. அடுத்த வீடும் இரட்டிக்கும் என்றது, அதற்கடுத்த வீடும். எல்லோரும் சொல்லிவிட்டு அவளைப் பார்த்துப் பாசமாகத் தலையாட்டினார்கள். சந்தின் கோடிக்குப் போய்த் திரும்பி மாமியின் வாசலுக்கு வந்தாள். அத்தனை வீடுகளும் சேர்ந்து அவளுடைய வீட்டின்மேல் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தன, அதுவும் அவள்மேல் உள்ள பிரியத்தால்.

மாமி பூஜையை முடித்துத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"மாமி, இன்னும் ஒரு வருஷத்துல விலைவாசி எப்படி இருக்கும்னு நெனைக்கறேள்?"

"மூணு மடங்கு. நன்னா பெரிசா எழுதிக்கோ."

"நீங்கதான் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தேளா?"

"பின்னே? வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வந்தேன். நம்ம பொண்ணுக்கு வட்டி கொறையணும், மும்பைல இருக்கறவாளுக்கு மனசு எளகற மாதிரி சொல்லுங்கோன்னு."

அப்போதுதான் ஸுப்ரியா உடைந்தாள். மாதக்கணக்காக அடக்கி வைத்தது எல்லாம் ஒரேயடியாக வந்தது.

"ஐயோ மாமி, விலை ஏறும்னு நீங்க எல்லாரும் பயப்படற வரைக்கும் அவா வட்டியை எறக்கவே மாட்டா! ஏறாதுன்னு சொன்னாத்தான் எறக்குவா! என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டேளே!"

மாமி மிரண்டு போனாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அதெப்படிடீ? கஷ்டம்னு சொன்னா வட்டியைக் கூட்டுவா, சௌக்கியமா இருக்கோம்னு சொன்னாக் கொறைப்பாளா? இதென்ன நியாயம்?"

இதற்குப் பதில் இருக்கிறது. ஸுப்ரியாவுக்கு அது மனப்பாடம். ஆனால் அன்று காலைதான் தேங்காய் எண்ணெயைக் கொள்ளை விலைக்கு வாங்கிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம் அதைச் சொல்ல நா எழவில்லை.

"நியாயமெல்லாம் எனக்குத் தெரியாது மாமி. நாலுன்னு சொல்லுங்கோ. நாலு சதவீதம் ஏறும்னு சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

ஏன் நாலு? விலைவாசி வருஷத்துக்கு நாலு சதவீதத்துக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்பதுதான் மத்திய வங்கிக்கு வைத்திருக்கும் இலக்கு. ஜனங்களும் நாலு என்று நம்பினால் அதைவிட அந்த மேஜைக்கு என்ன வேண்டும்? அந்த நேரத்தில் அவள் மூளையில் அந்த ஒரு எண்தான் இருந்தது.

"நாலுன்னா என்னடீ கணக்கு?"

"நூறு ரூபா சாமான் அடுத்த வருஷம் நூத்தி நாலு ரூபா ஆகும்."

"தேங்காய் எண்ணெய்…"

"மாமி, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

மாமி டேப்லெட்டுக்கு அருகே குனிந்து, டெலிபோனில் பேசுகிற மாதிரி உரக்கச் சொன்னாள்: "நாலு!"

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. ஸுப்ரியா முதல் வீட்டுக்குத் திரும்பிப் போனாள். பதில்கள் இன்னும் கம்பெனிக்குப் போய்ச் சேரவில்லை, சாயங்காலம்தான் அனுப்புவாள். ஒவ்வொரு வீட்டிலும் பழையதை அழித்துவிட்டு மறுபடி கேட்டாள். மாமியும் கூடவே வந்தாள், தன் தப்பைத் திருத்தும் வேகத்தோடு.

முப்பிடாதி மட்டும் கொஞ்சம் தயங்கினாள். "நாலா? தக்காளி நேத்தைக்கும் இன்னைக்கும் நடுவுலயே அதவிட ஏறிப்போச்சே தாயி."

"சொல்லுங்கோ. எனக்காக."

"சரி. நாலு."

பதிவு ஓடுகிறது என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். எல்லாவற்றையும் கேட்க மாட்டார்கள், இருபதில் ஒன்றைத்தான் எடுத்துக் கேட்பார்கள் என்பதும் தெரியும். நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான வீடுகளில் கேட்கும்போது இந்தச் சந்தின் பதில் பெரியாற்றில் ஒரு சொம்புத் தண்ணீர் என்பதும், மக்கள் கருத்து மட்டுமல்லாமல் மழை, டாலர், பெட்ரோல் என்று அந்த மேஜையில் நூறு விஷயம் இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். படித்தது ஒன்றும் மறந்து போகவில்லை. வீடு போகப் போகிறது என்ற பயம் வந்துவிட்டால் படிப்பு ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவளைத் திட்ட வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் முந்நூறு ரூபாயில் வீட்டைப் பறிகொடுக்கிற நிலையில் நான் நின்றதில்லை.

டிசம்பரில் பாலிசி வெள்ளிக்கிழமை வந்தது. சங்கர்ராம் கிடங்குக்குப் போகாமல் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பத்து மணிக்கு அறிவித்தார்கள். மாற்றமில்லை. உணவுப் பொருட்களின் விலை இன்னும் அடங்கவில்லை, பொறுத்துப் பார்க்கலாம் என்று ஆறு பேரில் பெரும்பான்மை நினைத்ததாம். பொறுக்கச் சொல்கிறார்கள். பொறுக்கிறவர்களிடம் என்ன மிச்சமிருக்கிறது என்று கேட்பாரில்லை.

"போறது விடு. அடுத்தது பிப்ரவரியில வரும்" என்றான் சங்கர்ராம். "ரெண்டு தவணைதானே, எப்படியாவது பிடிச்சு நின்னுடலாம்." அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே அவளுக்கு ஆச்சரியமாகவும் ஆறுதலாகவும் இருந்தது.

மத்தியானம் ஹரிநாராயணன் கூப்பிட்டார். உடனே ஆபீசுக்கு வரச் சொன்னார். போனதும் கதவைச் சாத்தினார்.

"சந்து முழுக்க நாலு. ஒரு வீட்டுலயாவது மூணோ அஞ்சோ உண்டா? கம்ப்யூட்டரே பிடிச்சுக் கொடுத்துடுத்து. அப்புறம்தான் எல்லா ரெக்கார்டிங்கையும் எடுத்துக் கேட்டோம்." அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. "எந்தா ஸுப்ரியா இது? இத்தனை வருஷத்துல உன்னைப் பத்தி ஒரு வார்த்தை வந்ததில்லையே."

"சார், அந்தப் பதிலெல்லாம் மும்பைக்குப் போச்சா?"

"எங்கே போறது? அன்னிக்கே மொத்தமாத் தள்ளியாச்சு. உன் சந்துலேருந்து ஒண்ணுமே போகலை."

அதாவது, அந்தச் சந்து உண்மையும் சொல்லவில்லை, பொய்யும் சொல்லவில்லை. வாயே திறக்காத மாதிரி ஆகிவிட்டது.

"சார், ஒப்பந்தத்தைப் பிப்ரவரி வரைக்குமாவது வெச்சுக்கோங்கோ. சம்பளம்கூட வேண்டாம் சார். வேலையில இருக்கேன்னு இருந்தாப் போறும். என் வீடு போயிடும் சார்." அவர் காலில் விழவே குனிந்தாள். அவர் பதறி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். மேலிடத்து உத்தரவு ஏற்கெனவே வந்துவிட்டது என்றார்.

வீட்டுக்கு வந்து சங்கர்ராமிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ படிச்சவள்னு நம்பித்தானே நான் கையெழுத்துப் போட்டேன்" என்றான்.

அடித்திருந்தால்கூட அவளுக்கு அப்படி வலித்திருக்காது. அவன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

சந்தில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் மாமி உடைந்து போய்விடுவாள். தன்னால்தான் இதெல்லாம் என்று சாப்பாட்டை விட்டுவிடுவாள். ஆகவே ஸுப்ரியா வழக்கம்போல் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பள்ளிக்கூடம், துணிக்கடை, ஆலுவாவில் ஒரு லாரி ஆபீஸ் என்று ஏறி இறங்கினாள். வயதைக் கேட்டார்கள், கடைசி வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டார்கள். ஒன்றும் அமையவில்லை. டிசம்பர் தவணைக்கு அவளுடைய கடைசிச் சம்பளம் போயிற்று. ஜனவரிக்கு சங்கர்ராமின் ஸ்கூட்டர் போயிற்று. பிப்ரவரிக்கு விற்க ஒன்றும் இல்லை. ஹோம்ஸ்டேக்காரரைக் கூப்பிட்டுத் திங்கட்கிழமை முன்பணத்தோடு வரச் சொன்னான் சங்கர்ராம். அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை, நல்ல மனிதராகப் பேசினார். அது இன்னும் கொடுமையாக இருந்தது.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மும்பையில் அறிவித்தார்கள். ரிப்போவில் கால் சதவீதம் குறைப்பு.

ஸுப்ரியா அந்தச் செய்தியைப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டாமென்று ஃபோனைக் கவிழ்த்து வைத்திருந்தாள். வாசலில் சத்தம் கேட்டு எழுந்து வந்தபோது சந்தே உள்ளே வந்துகொண்டிருந்தது. முன்னால் திரிபுரசுந்தரி மாமி, இடுக்கியில் பிடித்த உருளி நிறைய சேமியாப் பாயசத்தோடு. பின்னால் முப்பிடாதி வண்டியைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"எறக்கிட்டாடீ! கால் சதவீதம்! டி.வி.யில சொன்னா!" மாமிக்கு மூச்சு வாங்கியது, கண்களில் தண்ணீர். "டிசம்பர்லயே எறக்கியிருப்பா, கொஞ்சம் லேட்டாப் போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு சந்து மொத்தமும் சேர்ந்து நாலுன்னு சொன்னா அவாளுக்குக் கேக்காதா? நீ சொன்னது எத்தனை சரி! நான்தான் மூணு மடங்குன்னு உளறி உன் குடியைக் கெடுக்கப் பார்த்தேன்."

"நாஞ் சொன்னேம்லா, ஒங்க வீடு ஒங்களுக்குத்தான்னு" என்றாள் முப்பிடாதி.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. ஆனந்தகுமார். சங்கர்ராம் சுவரோரமாக நின்று அவளையே பார்த்தான்.

"மேடம், பாத்தீங்கல்லே? எறங்கிருச்சு! இப்பவே போட்டுப் பாத்தேன், எடுத்துருச்சு. தவணை ஒண்ணும் முடங்கலையே?"

"இல்லை சார்."

"அப்போ ஒண்ணும் பிரச்சினை இல்ல. உங்க கடைசி மூணு மாசச் சம்பளச் சீட்டு மட்டும் கொண்டு வாங்க."

அவள் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டாள். மாமி ஏற்கெனவே டம்ளர்களில் பாயசத்தை ஊற்ற ஆரம்பித்திருந்தாள்.

"சார், எனக்கு இப்போ வேலை இல்லை சார். டிசம்பரோட போயிடுத்து."

மாமியின் கை அப்படியே நின்றது.

"ஐயோ மேடம்" என்றான் ஆனந்தகுமார்.

"என் ஹஸ்பண்ட் சம்பளத்தை மட்டும் வெச்சுப் பாருங்கோ சார். இன்னும் எத்தனை எறங்கினா எடுக்கும்? அடுத்த தடவையும் எறக்குவான்னு சொல்றாளே. எத்தனை எறங்கணும்னு மட்டும் சொல்லுங்கோ. நான் காத்திண்டிருக்கேன் சார். எத்தனை மாசமானாலும் சரி."

எதற்காகக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. திங்கட்கிழமை ஆள் வந்துவிடுவார். ஆனந்தகுமார் பொத்தான்களைத் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு தடவை தட்டினான், அழித்துவிட்டு மறுபடி தட்டினான்.

"வட்டியே இல்லாமக் கொடுத்தாத்தான் எடுக்கும் மேடம்."

"வட்டியே இல்லாமலா?" என்றாள் ஸுப்ரியா. ஃபோனை வைத்தாள். அங்கேயே, எல்லோருக்கும் நடுவில், தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேலை எப்படிப் போயிற்று என்று சங்கர்ராம்தான் சுருக்கமாக அவர்களிடம் சொன்னான். யாரையும் குறை சொல்லாமல் சொன்னான். திங்கட்கிழமை யார் வரப் போகிறார் என்பதையும் சொன்னான்.

மாமி உருளியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முப்பிடாதிதான் ஸுப்ரியாவின் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தாள்.

"தாயி, அந்தக் கேள்வி கேக்க மறுபடி ஆள் வருவாகல்லா?" என்றாள். "வேற யாரு வந்தாலும் சரி. இந்தத் தடவ நாங்க எல்லாரும் பூஜ்யம்னு சொல்லுதோம்."

சந்து முழுவதும் ஆமாம் என்று தலையாட்டியது. அப்போதுதான் ஸுப்ரியாவுக்கு அழுகை வந்தது.